மலையின் இருபுறம்: எல்லைக் குறுக்கெழுத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் எங்கள் வாசகசாலைப் பலகையில் ஒட்டிய குறுக்கெழுத்துப் புதிரின் பெயர் ‘மலையின் இருபுறம்’. பதிமூன்றுக்குப் பதிமூன்று கட்டம். கருப்பொருள், தமிழ்நாடு–கேரள எல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் புளியரை, கேரளப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரை நகல் போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகளும் பணி ஓய்வு பெற்றவர்களும் வந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் விடைகளும் இதில் வருகின்றன. இன்னும் போட்டுப் பார்க்காதவர்கள் முதல் ஐந்து கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, கட்டத்தை முடித்த பிறகு மீதியைப் படிக்கலாம்.

“குறுக்கெழுத்தே இதுக்கு முன்னாடி போட்டதில்லை. எங்கே ஆரம்பிக்கணும்?”

ஒன்றாம் எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இல்லை. குறிப்புகளை ஒருமுறை முழுக்க வாசியுங்கள். உறுதியாகத் தெரிந்த விடை எதுவோ, அங்கேயே தொடங்குங்கள். ‘இடமிருந்து வலம்’ விடைகள் குறுக்கே போகும், ‘மேலிருந்து கீழ்’ விடைகள் இறங்கும். குறிப்பின் கடைசியில் அடைப்புக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பதைச் சொல்கிறது. பலர் குறிப்பை மட்டும் படித்துவிட்டு இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பென்சிலால் எழுதுங்கள். முதல் விடையைப் போட்டதும், அதைக் குறுக்கே வெட்டும் விடைகளுக்குப் போங்கள். ஒரு எழுத்தாவது கையில் இருக்கும்போது குறிப்பு வேறு மாதிரி புரியும்.

“புள்ளி வச்ச எழுத்துக்குத் தனிக் கட்டமா, அடுத்த எழுத்தோட சேர்த்துப் போடணுமா?”

தனிக் கட்டம்தான். செங்கோட்டை என்றால் செ, ங், கோ, ட், டை என்று ஐந்து கட்டம். கொம்பு, கால், சுழி எல்லாம் அந்தந்த எழுத்தோடு சேர்ந்தே வரும். ‘கோ’ பார்வைக்கு மூன்று துண்டாக இருந்தாலும் ஒரே எழுத்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இவற்றில் எதுவானாலும் ஒரு கட்டம். ஷ, ஸ, ஜ போன்றவற்றுக்கும் அப்படியே.

இரண்டு விடைகள் சந்திக்கும் கட்டத்தில் எழுத்து அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். செங்கோட்டையின் மூன்றாம் கட்டம் ‘கோ’, அச்சன்கோவிலின் ஐந்தாம் கட்டமும் ‘கோ’, அதனால் அவை பொருந்துகின்றன. அதே இடத்தில் கொல்லத்தின் ‘கொ’ பொருந்தாது. குறிலையும் நெடிலையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

“நான் ஆரியங்காவு பக்கம், மலையாளத்தில் படிச்சவன். வீட்டில் தமிழ்தான். மலையாள எழுத்தில் போட்டுப் பார்த்தால் கட்டம் மிஞ்சுதே?”

மிஞ்சத்தான் செய்யும். மலையாளத்தில் மெய்யும் அடுத்த உயிர்மெய்யும் கூட்டெழுத்தாக ஒன்றிவிடும். செங்கோட்டையின் பெயர் அங்கே மூன்றே எழுத்தில் முடிந்துவிடும். இந்தப் புதிர் தமிழ் எழுத்துக்காகக் கட்டியது. வாயால் சொல்லிப் பார்த்து, புள்ளி எழுத்துகளைப் பிரித்து எண்ணுங்கள்.

ஆனால் மலையாளம் தெரிந்திருப்பது ஊர்ப்பெயர்களிலும் ஆறுகளின் பெயர்களிலும் நன்றாகக் கைகொடுக்கும். மலைக்கு மேற்கே இருக்கும் விடைகளைப் புளியரைக்காரர்களைவிட நீங்கள்தான் சீக்கிரம் போடுகிறீர்கள்.

“கருப்பொருள் எல்லைன்னா எல்லா விடையும் எல்லை பத்தித்தானா?”

இல்லை. நட்சத்திரக் குறி போட்ட குறிப்புகளுக்கு மட்டும்தான் கருப்பொருள் விடைகள். நடுவில் கட்டங்களை இணைக்கச் சாதாரணச் சொற்களும் இருக்கின்றன. நட்சத்திரம் இல்லாத குறிப்புக்கு ஆற்றையும் அணையையும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

“அக்கா, ஒரு எழுத்தும் தெரியலை. குறுக்கே வந்த விடையிலிருந்து ரெண்டு புள்ளி எழுத்து மட்டும் கிடைச்சிருக்கு. அதை வச்சு என்ன பண்ண?”

நிறையப் பண்ணலாம். புள்ளி எழுத்து கிடைத்தால் பலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் மிகப் பிடித்த துப்பு, ஏனென்றால் தமிழில் எந்தப் புள்ளிக்குப் பின் எது வரலாம் என்பதற்கு உறுதியான வழக்கம் உண்டு. க், ச், த், ப் நான்குக்கும் பின்னால் அதே இன எழுத்துதான் வரும். ‘பாலக்காடு’ என்ற பெயரில் க்-க்குப் பின் கா வருவதைப் பாருங்கள். ட், ற் இரண்டுக்கும் பின்னால் அதே இனமோ, அல்லது க, ச, ப வரிசையோ வரும்: காட்சி, நட்பு, கற்பு. ங் வந்தால் அடுத்தது அநேகமாக க வரிசை. ந் வந்தால் த அல்லது ந வரிசை. ஞ் வந்தால் ச அல்லது ஞ வரிசை. ஆக ஒரு புள்ளி கிடைத்தால் அடுத்த கட்டத்துக்கு ஏறக்குறைய பாதி விடை கிடைத்துவிட்டது.

இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: வாய்ப்பு, பார்த்து, வாழ்க்கை. சொல்லின் முதல் கட்டத்தில் புள்ளி எழுத்து வராது. கடைசிக் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் வராது. அங்கே புள்ளி இருந்தால் ம், ன், ல், ர், ள், ய் என்று யோசியுங்கள்.

இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. குறுக்கே போகும் விடையில் ஒரு கட்டத்திலிருந்து மேலிருந்து கீழ் விடை தொடங்குகிறது என்றால், அந்தக் கட்டத்தில் நிச்சயமாகப் புள்ளி கிடையாது. ஒன்றும் எழுதாத வெறும் கட்டத்தில்கூட, எண்கள் இருக்கும் இடத்தை வைத்தே சில விடைகளைத் தள்ளிவிடலாம். பிற மொழிப் பெயர்கள் மட்டும் இந்த வழக்கத்தை மீறும். அவை எவை என்று கீழே வருகிறது.

“‘1956 நவம்பர் 1 அன்று மாநிலம் மாறிய ஊர் (5)’. செங்கோட்டைன்னு போட்டா சரியா வருது, ஆனா அது டில்லியில்தானே?”

டில்லியில் இருப்பது கோட்டை, குறிப்பு கேட்பது ஊர். நம் செங்கோட்டை திருவிதாங்கூர் அரசிலும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் இருந்தது. மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை என்ற ஐந்து தாலுகாக்கள் அப்போதைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. முதல் நான்கும் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு இணைந்து, இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது.

“‘நேசமணி தரப்பு கேட்டும் கேரளத்திலேயே நின்ற தாலுகா’. தேவிகுளம், பீர்மேடு ரெண்டும் சரிதானே? எதை எழுத?”

இரண்டும் உண்மைதான். தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டு மார்ஷல் நேசமணியின் தலைமையில் நடந்த போராட்டம் இந்த மலைத் தாலுகாக்களையும் கேட்டது, அவை வரவில்லை. அடைப்பில் உள்ள எண்ணைப் பாருங்கள். 4 என்று இருக்கிறது. பீ, ர், மே, டு நான்கு. தேவிகுளம் ஐந்து.

“நாலெழுத்து ஆறு, கடைசி ரெண்டும் ‘யாறு’. நெய்யாறுன்னு போட்டேன். ஆரியங்காவு உட்கார மாட்டேங்குது.”

குறிப்பு: ‘மேற்கே போகும் தண்ணீரில் ஒரு பங்கைக் கிழக்கே தரும் ஆறு (4)’. நெய்யாறு மேற்கே போய்ப் பூவார் அருகே அரபிக்கடலில் கலக்கிறது. மலையைத் துளைத்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் தண்ணீர் தருவது பெரியாறு. எழுத்தும் அதையே சொல்கிறது. பெரியாற்றின் இரண்டாம் கட்டம் ‘ரி’, ஆரியங்காவின் இரண்டாம் கட்டமும் ‘ரி’. நெய்யாறு போட்டால் அங்கே ‘ய்’ வந்து நிற்கும். ஊரின் பெயர் உறுதியாகத் தெரியும்போது, சந்தேகப்பட வேண்டியது ஆற்றின் மேல்தான்.

“ஏம்மா, ‘கேரளத்தில் இருக்கிறது, தமிழ்நாடு இயக்குகிறது (8)’னு போட்டிருக்கே. முல்லைப் பெரியாறுதானே? எண்ணிப் பார்த்தேன், சரியா எட்டு வருது. குறுக்கே ஒண்ணும் சேரலை!”

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். எண்ணிக்கை சரிதான். இரண்டு சொல் விடையில் இடைவெளிக்குக் கட்டம் இல்லை, நடுவில் மிகும் ‘ப்’ புக்கு உண்டு. மு, ல், லை, ப், பெ, ரி, யா, று என்று எட்டு. தகவலும் சரி. 1886இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கில அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1895இல் அணை திறக்கப்பட்டது. அணை இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது தமிழ்நாட்டின் நீர்வளத் துறை. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்றது.

ஆனாலும் இங்கே அது விடை இல்லை. முந்தைய கேள்வியில் பெரியாறு வந்துவிட்டது. ஒரே புதிரில் ஒரு சொல்லை இரண்டு முறை வைப்பதில்லை. கடைசிக் கட்டத்தில் கொல்லத்தின் ‘ம்’ வந்து விழுவதையும் பாருங்கள். அப்படியானால் விடை பரம்பிக்குளம். ப, ர, ம், பி, க், கு, ள, ம் என்று இதுவும் எட்டு. பாலக்காடு மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கும் அந்த அணையை இயக்குவது தமிழ்நாடு. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பரிலிருந்து செல்லும் என்று வைக்கப்பட்டது. கொங்கு நாட்டுப் பாசனத்துக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். கேரளத்திலிருந்து பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும்.

எல்லைப் பகுதியில் ஒன்று எங்கே நிற்கிறது, யார் கையில் இருக்கிறது, யாருக்குப் பயன்படுகிறது என்பவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். குறிப்பு எதைக் கேட்கிறது என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டும். இந்தப் புதிரை நான் கட்டியதே இதற்காகத்தான்.

“அப்போ ‘தமிழ்நாட்டில் இருக்கிறது, கேரளம் பார்த்துக்கொள்கிறது (8)’?”

பத்மநாபபுரம். திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகர். அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. பரம்பிக்குளம் போலவே எட்டு எழுத்து, ‘ப’வில் தொடங்கி ‘ம்’மில் முடிகிறது. அதனால் இரண்டையும் இடம் மாற்றி எழுதுகிறார்கள். ஏழாம் கட்டத்தைப் பாருங்கள். ஒன்றில் ‘ள’, மற்றதில் ‘ர’. த்-க்குப் பின் ம வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: புள்ளிகள் பற்றிய பதிலில் சொன்ன விதிவிலக்குகளில் இது ஒன்று, வடமொழிப் பெயர்.

“பென்னிகுக், பென்னிகுயிக், பென்னி குவிக்... எது சரி?”

மூன்றையும் செய்தித்தாள்களில் பார்க்கலாம். கட்டம் ஆறு. எனவே ஐந்தெழுத்துப் பென்னிகுக் பொருந்தாது. மற்ற இரண்டும் ஆறுதான், அவற்றில் இங்கே வைத்தது பெ, ன், னி, கு, யி, க். கடைசியில் க் வருவது இன்னொரு விதிவிலக்கு, ஆங்கிலப் பெயர். ஆங்கிலேயப் படைப்பிரிவின் பொறியாளரான ஜான் பென்னிகுயிக்தான் பெரியாறு அணையைக் கட்டியவர். தேனி மாவட்டத்து விவசாயிகள் ஜனவரி 15, அவருடைய பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

“‘சுண்ணாம்போடு சேர்ந்து அணையைப் பிடித்து நிற்கும் செங்கல் தூள் (4)’. ரெண்டாவது கட்டம் ர், மூணாவது க். இப்படி ஒரு சொல் இருக்கா?”

இருக்கிறது, சுர்க்கி. அடுத்தடுத்து இரண்டு புள்ளி வந்தால் முதலாவது ய், ர், ழ் என்றேனே, அது இங்கே பலிக்கிறது. புனலூரின் கடைசி ‘ர்’ தான் இதன் இரண்டாம் கட்டம். சுட்ட செங்கல்லை அரைத்த தூளைச் சுண்ணாம்போடு கலந்து அந்தக் காலத்தில் பூசுவார்கள், கட்டுவார்கள். பெரியாறு அணை அந்தக் கலவையால் ஆனது. வயதான கொத்தனார்கள் இதை யோசிக்காமல் எழுதிவிட்டார்கள்.

“‘நம்ம ஊரில் பிறந்து மணியாச்சியில் உயிரை விட்டவர்’. வாஞ்சிநாதன்னு போட இடமே இல்லையே?”

கட்டம் மூன்றுதான். வா, ஞ், சி. திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்த செங்கோட்டைக்காரர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டு, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். அந்த நிலையத்தின் பெயர் இப்போது வாஞ்சி மணியாச்சி. மூன்றெழுத்துக்கு அதுவே போதுமான துப்பு.

“பதிமூணு கண் பாலம்னுதான் எல்லாரும் சொல்றோம். ‘பாலத்தின் கண்கள்’ ஆறு எழுத்துன்னா எப்படி?”

விடைகளில் எழுத்து வழக்கைத்தான் ஏற்றுக்கொள்கிறோம். பதிமூணு நான்கு, பதிமூன்று ஐந்து, பதின்மூன்று ஆறு. குறிப்பு கேட்பது ஆறு.

தென்மலைக்கு அருகே கழுதுருட்டியில், கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் கருங்கல் ரயில் பாலம் அது. கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையில் 1904இல் ரயில் ஓடத் தொடங்கியது. அகலப் பாதையாக மாற்றிய பணி முடிந்து 2018இல் மறுபடி ரயில் வந்தபோதும் பாலத்தை இடிக்கவில்லை, வலுப்படுத்தி அதன் மேலேயே பாதை போட்டார்கள். பக்கத்தில் புனலூரில் கல்லடை ஆற்றின் மேல் இருக்கும் தொங்குபாலம் இதைவிட மூத்தது, 1877இல் கட்டி முடிந்தது. அதற்கும் கட்டத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது, விடை ஊரின் பெயர்தான்.

“சில குறிப்பு கேள்வி மாதிரியே இல்லை. ‘சுமையோடு கரம் சேர்ந்தால் தாமிரபரணி பிறக்கும் மலை (3)’. இது என்ன?”

இவை மறைகுறிப்புகள். ஒரு ஓரத்தில் நேரான பொருள் இருக்கும், மீதியில் விடையைக் கட்டும் துண்டுகள் இருக்கும். இரண்டும் ஒரே விடைக்கு வர வேண்டும். சுமை என்றால் பொதி. கரம் என்றால் கை. சேர்த்தால் பொதிகை, தாமிரபரணி பிறக்கும் மலை.

இன்னொன்று: ‘முடிவில்லா நொடியோடு பேசும் உறுப்பு சேர மலை கடக்கும் வழி (4)’. நொடி, கணம். முடிவில்லாத கணம் என்றால் கடைசி ‘ம்’ போய் ‘கண’. பேசும் உறுப்பு வாய். ஆக, கணவாய். ‘இல்லா’, ‘இழந்த’, ‘தலை போன’ என்று வந்தால் எழுத்து ஒன்றை வெட்டச் சொல்கிறது. ‘குழம்பி’, ‘கலைந்து’, ‘மாறி’ என்று வந்தால் எழுத்துகளைக் கலைத்து அடுக்கச் சொல்கிறது. வாக்கியமாக வாசித்து அதில் கதை தேடாதீர்கள். துண்டு துண்டாக வெட்டி வாசியுங்கள்.

“ஆண்டுக்கு ஒருநாள் திறக்கும் கோயில்னா எது? அம்மன் பேருக்கு நாலெழுத்து.”

கண்ணகி. குமுளிக்கு மேலே மங்கலதேவி கோயில். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்கள் போகலாம். அன்றைக்கு இரண்டு மாநில அதிகாரிகளும் சேர்ந்து ஏற்பாடு செய்கிறார்கள்.

“போனில் தேடிப் பார்த்துப் போட்டால் தப்பா?”

ஆண்டையும் பெயரையும் தேடிப் பார்ப்பதில் தப்பில்லை. தேடப் போய் மூன்று புதிய செய்தி தெரிந்துகொண்டு வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் மறைகுறிப்பைத் தேடி எடுக்காதீர்கள். அதில் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் எதுவும் இல்லை. அவிழ்ப்பதுதான் அதன் ருசி. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் போனுக்கு முன் அவர்களிடம் கேளுங்கள். 1956க்கு முந்தைய செங்கோட்டையைப் பார்த்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

“பரிசு உண்டா?”

பணப் பரிசு இல்லை, முடித்தவர்களின் பெயர் பலகையில் வரும். ஒரு காலத்தில் நாட்டில் குறுக்கெழுத்துப் போட்டிகளுக்குப் பெரிய தொகை புழங்கியது. பல போட்டிகளில் பல விடை பொருந்தும் குறிப்புகளை வைத்து, நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். அது சூதாட்டம் ஆகிறது என்றுதான் 1955இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு தரக் கூடாது என்றது. 1957இல் உச்ச நீதிமன்றம், திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதிர்ஷ்டத்தை நம்பியவற்றுக்குத்தான் என்று தெளிவாக்கியது. அதனால்தான் ஒவ்வொரு விடையையும் குறுக்கெழுத்துகளே உறுதி செய்யும்படி கட்ட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

“இதை முதலில் கண்டுபிடிச்சது யாரு?”

லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்தர் வின். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் அவருடைய முதல் புதிர் வந்தது. கட்டம் சதுரமாக இல்லை, வைர வடிவம். கறுப்புக் கட்டங்களும் அதில் இல்லை, நடுவில் ஒரு வெற்றிடம் மட்டும் இருந்தது.

“அக்கா, அடுத்த புதிரை நான் கட்டலாமா?”

கட்டுங்கள். நீளமான கருப்பொருள் சொற்களை முதலில் வையுங்கள், சிறியவை பின்னால் தானாக இடம் பிடிக்கும். ஒவ்வொரு சொல்லையும் எழுத்து பிரித்து எழுதி, புள்ளி எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புள்ளி விழுந்த கட்டத்திலிருந்து எதுவும் இறங்க முடியாது என்பதால், தமிழில் கட்டம் அமைப்பவர்களுக்கு அதிகச் சிக்கல் தருவது அதுதான். புள்ளியைப் புள்ளியோடு வெட்ட விடுங்கள், சுர்க்கியும் புனலூரும் வெட்டிக்கொண்டது போல. கறுப்புக் கட்டங்களைத் தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரியும்படி அடுக்குங்கள்.

குறிப்பு எழுதிய பிறகு, விடை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு குறிப்புக்கு இரண்டு விடை பொருந்தினால், வெட்டும் எழுத்து எதுவாவது அவற்றைப் பிரிக்கிறதா என்று பாருங்கள். பிரிக்கவில்லை என்றால் குறிப்பை மாற்றுங்கள். கட்டம், குறிப்புகள், விடை நிரப்பிய தாள் மூன்றையும் சேர்த்து வாசகசாலையில் கொடுத்தால் சரிபார்த்து ஒட்டுகிறோம். மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கட்டினால் முதலில் அதைத்தான் ஒட்டுவேன்.